புளோராவின் ஐந்தாவது குண்டு

செப்டம்பர் 1, ஞாயிறு

எதைக் கழற்றினாலும் அன்றன்றைக்கே எழுதி வைக்க வேண்டும், அப்போதுதான் திருப்பி மாட்ட முடியும் என்று பெங்களூரிலிருந்து உத்தரவு. எழுதுகிறேன். ஏற்காட்டு மலையின் முடிசூடா மன்னனும், ஆறு அறைகளும் ஒன்றரை வாளி வெந்நீரும் கொண்ட ஹில் கிரவுன் லாட்ஜின் ஏகச் சக்கரவர்த்தியுமான குணசீலன் ஆகிய நான் இன்று கழற்றியது: ஒன்றுமில்லை.

உத்தரவிட்டவர் சம்பங்கி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய விளையாட்டு மெஷின்களுக்கு உயிர் கொடுப்பது இப்போது அவருடைய பொழுது. அவரைத் தேடிப் பிடித்தவள் என் தங்கை மகள் பெனிட்டா.

நோயாளி எங்கள் பின்பால் மெஷின். அறியாத தலைமுறைக்காக: அது கண்ணாடி மூடிய ஒரு சாய்வு மேஜை. ஸ்பிரிங் கைப்பிடியை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு ஓரப் பாதையில் மேலே பாய்ந்து, மணிகளிலும் ரப்பர்களிலும் முட்டி மோதி இறங்கும். கீழே குழியில் விழுவதற்குள் இரண்டு துடுப்புகளால் தட்டி மேலே அனுப்ப வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஐந்து குண்டு. மேஜைக்குப் பின்னால் நிற்கும் தலைப்பெட்டியில் ஒரு கப்பல் கேப்டன் படம், பக்கத்தில் எடுத்த புள்ளிகளைக் காட்டும் எண் உருளைகள். கேப்டனின் மீசை என் மீசையைப் பார்த்து வரையப்பட்டது. மெஷினைச் செய்த அமெரிக்காக்காரன் மறுக்கலாம்.

எஸ்டேட் கிளப் ஒன்றை மூடியபோது இதை வாங்கி வந்தேன். நாங்கள் இறக்கிய அன்று அதன் கனத்தில் மலை அமுங்கி ஏரி இரண்டடி உயர்ந்ததாகச் சொல்வார்கள். சொன்னவன் நான்தான்.

இப்போது அது நிற்கும் பில்லியர்ட்ஸ் அறைக் கூரை ஒழுகி, அடிப்பலகை ஊறிய ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு மழை தாங்காது என்கிறாள் பெனிட்டா.

காலை சர்ச் முடிந்ததும் என் மனைவி புளோரா போன் செய்தாள். கனடாவில், எட்மன்டனில் அப்போது சனிக்கிழமை இரவு. கல்யாணம் ஆன நாள் முதல் என்னைவிட முன்னால் நடந்தவள், இப்போது அரை நாள் பின்தங்கிவிட்டாள் என்று ஒவ்வொரு வாரமும் சொல்வேன். ஒவ்வொரு வாரமும் "ம்" என்பாள். பேரன் பிறந்தபோது ஆறு மாதத்துக்கென்று போனாள். பேரன் இப்போது பள்ளிக்கூடத்தில் கூட்டல் போடுகிறான்.

மெஷினைப் பெங்களூருக்கு அனுப்பப்போவதை அவளிடம் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை. நான்கு கோடும் இருந்தது. ஆனால் கோடுகளை நம்ப முடியாது.

செப்டம்பர் 4, புதன்

பெனிட்டா லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினாள். கையில் ஸ்பானர் பை, காலில் மலை ஏறும் ஷூ, முகத்தில் அவள் அம்மாவின் அதே அதட்டல்.

சம்பங்கியை ஸ்பீக்கரில் போட்டோம். "சார், நான் எக்ஸ்சேஞ்சில இருந்தப்ப பெங்களூர் ஃபுல்லும் என் கையில பேசிச்சு. இந்த மெஷின் எனக்கு தூசி. நீங்க நான் சொல்றத மட்டும் செய்ங்க. மொதல்ல குண்டை எடுத்துடுங்க. அது உள்ள இருந்தா வண்டி ஆட்டத்துல சுத்தி சுத்தி எல்லாத்தையும் ஒடச்சிடும். அப்புறம் மத்ததெல்லாம்."

இந்த மனிதர் என்னைவிட அதிகமாக அளக்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை.

முன்பக்க இரும்புப் பட்டையைத் தூக்கி, கண்ணாடியை உருவினோம். பெனிட்டா எட்டிப் பார்த்தாள்.

"மாமா, குண்டு ஆரம்பப் பாதையிலேயே நிக்குதே! யாரோ பாதி ஆட்டத்துல விட்டுட்டுப் போயிருக்காங்க."

"யாரோ இல்லை. உன் அத்தை."

அன்று டாக்ஸி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டிகள் ஏறிவிட்டன. புளோரா கோட்டு போட்டுக்கொண்டு நாலு குண்டு ஆடி முடித்திருந்தாள். இந்த மலையில், தமிழ்நாட்டில், பூமத்திய ரேகைக்கு வடக்கே, அவளை மிஞ்சிய ஆட்டக்காரி பிறக்கவில்லை. ஐந்தாவது குண்டு வந்து பாதையில் நின்றது. ஹாரன் மறுபடியும். "இதை வந்து ஆடிக்கிறேன். யாரும் கை வைக்காதீங்க" என்றாள். நான் பிளக்கைப் பிடுங்கினேன். எண் உருளைகள் அப்படியே நின்றன. பழைய மெஷினில் அது ஒரு வசதி. கரண்டு போனாலும் எண் போகாது.

பெனிட்டா குண்டுக்குக் கையை நீட்டினாள். மழை தூறுகிறது, டீ குடிக்கலாம் என்றேன்.

கழற்றியது: கண்ணாடி. திருப்பி மாட்டியது: கண்ணாடி.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று ஊசல். மெஷினின் வயிற்றுக்குள் ஒரு கம்பியில் காதுக் குண்டலம் மாதிரி தொங்கும் சிறு எடை அது. ஆடுபவன் மெஷினைப் பிடித்து உலுக்கினால் குண்டலம் ஆடி வளையத்தில் தொட, "ஆட்டம் செல்லாது" என்று விளக்குகள் அணைந்துவிடும். வண்டியில் போகும்போது கழன்று விழாமல் அதையும் எடுத்துத் துணியில் கட்ட வேண்டுமாம்.

புளோரா ஆடும்போது எதிர்ப்பக்கம் நின்று முழங்காலால் ஓர் இடி இடிப்பது என் வழக்கம். "செல்லாது" விழும். "இடிச்சீங்க!" என்பாள். "நிலநடுக்கம்" என்பேன். சேர்வராயன் மலையில் வேறெந்தத் தம்பதியும் இத்தனை நிலநடுக்கங்களைக் கண்டதில்லை.

கழற்றியது: நிலநடுக்கமானி.

செப்டம்பர் 8, ஞாயிறு

போனில் மகள் ஷீபாதான் முதலில் பேசினாள். "அப்பா, நல்ல சேதி. அம்மாவுக்கு இங்கயே இருக்கற பேப்பர் வந்துடுச்சு. இனி விசா தொல்லை இல்லை." பின்னால் பேரன் ஏதோ இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தான். வாழ்த்துகள் என்றேன். இராஜ்ஜியம் முழுவதும் கொண்டாடும் என்றேன்.

புளோரா போனை வாங்கினாள். "சாப்டீங்களா?"

"யானை சாப்பிடுகிற அளவு."

"மாத்திரை?"

"அதுவும் யானைக்குரியதே."

"ஏங்க, இந்த வருஷமாவது இங்க வந்து..." என்று ஆரம்பித்தாள். சீசன், கூரை ஒழுகல், புது சமையல்காரன் உப்பைக் காணாதவன், அந்த ஊர்க் குளிரில் என் மீசை ஒடிந்து விழுந்துவிடும் ஆகிய நான்கு பேருண்மைகளை எடுத்துரைத்தேன். "ம்" என்றாள். பேரன் கூப்பிடுகிறான் என்று வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 9, திங்கள்

அடைமழை. கழற்றியது: மழைக்கோட்டு.

செப்டம்பர் 11, புதன்

தலைப்பெட்டியை இறக்கும் மாபெரும் அறுவை. உள்ளே வயர்கள் ஒரு சந்தைக் கூட்டம் மாதிரி. ஒவ்வொரு பிளக்கிலும் பெனிட்டா வண்ண நூல் கட்டிப் படம் எடுத்தாள். நான் டார்ச் பிடித்தேன். டார்ச் பிடிப்பதுதான் கடினம் என்பதை உலகம் உணரவில்லை.

நான்கு போல்ட். கழன்றதும் தலைப்பெட்டி ஒரு கன்றுக்குட்டி கனம் கனத்தது. இல்லை, எருமை. பெனிட்டா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"மாமா, எண் பக்கம் கை படுது. உருளை சுத்திடப்போவுது."

"சுற்றாது. நான் மூச்சே விடவில்லை."

உண்மையிலேயே விடவில்லை. கம்பளி விரித்த கட்டிலில் அதைப் படுக்க வைத்த பிறகுதான் விட்டேன். எண்கள் மாறவில்லை. மறுபடியும் பார்த்தேன். மாறவில்லை.

பெனிட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, அத்தைக்கு இதைச் சொல்லிட்டீங்களா?"

"பெரிய அரசர்கள் சிறு விஷயங்களை..."

"சொல்லல."

"சொல்லவில்லை."

செப்டம்பர் 13, வெள்ளி

நாளை வண்டி. மேஜைக்கு அடியில் இரண்டு பெஞ்சு கொடுத்து, முன்கால் இரண்டு, பின்கால் இரண்டு என்று கழற்றினோம். போல்ட்டுகள் ஹார்லிக்ஸ் பாட்டிலில். நான்கு காலும் போனதும் மெஷின் பெஞ்சு மேல் ஒரு நீளப் பெட்டியாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் ஜமுக்காளத்தைப் போர்த்தினேன். போர்த்தியபின் இன்னும் மோசமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

பெனிட்டா குளிக்கப் போயிருந்தபோது கண்ணாடியை உருவி, பழைய தலையணையைப் பிரித்துப் பஞ்சை ஓரப் பாதையில் அடைத்தேன். குண்டின் முன்னும் பின்னும். அமுக்கிப் பார்த்தேன். ஆடவில்லை. கண்ணாடியை மூடினேன்.

வந்ததும் கேட்டாள். "குண்டு எடுத்தாச்சா மாமா?"

"ஆச்சு."

"எங்க?"

"பத்திரமான இடத்தில்."

எடுத்தால் ஆட்டம் முடிந்துபோகும். அதை எடுக்க உரிமை உள்ளவர் ஒருவர்தான். அவர் வருகிறவரை இடத்தைக் காப்பது என் கடமை. வேறு காரணம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 14, சனி. பெங்களூர்

குட்டி யானை என்று அழைக்கப்படும் அந்தச் சிறு லாரி காலையில் வந்தது. ஓட்டுபவர் மாதேசன், ஓமலூர்க்காரர். தலைப்பெட்டி கேபின் ஓரமாக. மேஜை அதன் பின்னால், மேல்முனை கேபினைப் பார்த்து, ஆடுபவர் நிற்கும் முனை வண்டியின் பின்பக்கம் பார்த்து. சுற்றிலும் மெத்தை, மேலே தார்ப்பாய். பெனிட்டா முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால்.

"பின்னால வேண்டாங்க சார், குலுக்கி எடுத்துரும்" என்றார் மாதேசன்.

"அரசர் தம் பரிவாரத்தோடுதான் பயணிப்பார்."

"செரிங்க. அரசரு கயித்தக் கெட்டியா புடிச்சுக்கோங்க."

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பஞ்சு விலகியது. எனக்குத் தெரிந்தது. காதை மேஜை மேல் வைத்திருந்தேன், தற்செயலாக. முதலில் ஓர் உருளல். பிறகு 'தும்' என்று ரப்பரில் ஒரு மோதல். பிறகு மெல்ல, ஒரு மணியின் ஓரத்தில் உரசி, 'ணிங்'.

குண்டு ஆட்டத்துக்குள் போய்விட்டது.

எழுந்து கேபினைத் தட்டியிருக்க வேண்டும். அறிவுள்ளவன் அதைத்தான் செய்வான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி மூக்கைக் கீழே குத்தி இறங்குவதால் மேஜையின் மேல்முனை தாழ்ந்திருந்தது. ஆகவே குண்டு கீழ்க்குழிக்கு வரவே முடியாமல் மேலேயே, மணிகளுக்கு நடுவே, இடது வளைவில் வலப்பக்கமும் வலது வளைவில் இடப்பக்கமுமாக ஓடியது. அவள் எப்போதும் அதை வைத்திருந்த இடம் அதுதான். கீழே விடவே மாட்டாள்.

ஒரு பள்ளத்தில் வண்டி எகிறியது. 'டக்' என்று குண்டு கண்ணாடியில் அடித்தது. கூடவே இன்னொரு சத்தம், மெல்லியது, கோடு கிழிப்பது போல.

பின் ஜன்னல் வழியாக மாதேசன் கத்தினார். "சார்! உள்ள என்னமோ உருளுதுங்க! நிறுத்தட்டுங்களா?"

"நிறுத்தாதே!"

"மாமா!" இது பெனிட்டா. "குண்டு உள்ளயா இருக்கு? கண்ணாடி போயிடும் மாமா! நிறுத்தச் சொல்லுங்க!"

"நிறுத்தினால் ஆட்டம் நின்றுவிடும்! மாதேசன், இடப்பக்கம் மெதுவாகத் திருப்பு! மெதுவாக! ஆ, அப்படித்தான்! வேகத்தைக் கூட்டாதே, பின்னால் வந்துவிடும்! இப்போது பிரேக்! லேசாக!"

"சார், நான் லாரி ஓட்றனா, வெளயாட்டு வெளயாடறனா?"

"இரண்டும்!"

அந்த மனிதரை நான் வாழ்நாள் முழுவதும் மதிப்பேன். பைத்தியக்காரக் கிழவன் என்று முணுமுணுத்தபடி, சொன்ன இடத்தில் சொன்னபடி பிரேக் போட்டார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலேயே எங்களைத் திட்டினான். ஓரச்சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. மழை தார்ப்பாயில் விழுந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவளுடைய குண்டு ஓடியது, முட்டியது, திரும்பியது. எண்கள் ஏறவில்லை, கரண்டு இல்லையே. ஏறியிருந்தால் உருளைகள் தீர்ந்துபோயிருக்கும்.

அடிவாரத்துக்குச் சற்று மேலே நிறுத்தச் சொன்னேன், இறக்கத்திலேயே. மாதேசன் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்தார். பெனிட்டாவும் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தாள். திட்ட வந்தவள், திட்டவில்லை. கண்ணாடியின் ஒரு மூலையில் கீறல் ஓடியிருந்தது.

"எடுத்துடலாமா மாமா? இங்கயே?"

"வேண்டாம்."

"கீழ இறங்கிட்டா ரோடு நேர்தாங்க சார்" என்றார் மாதேசன். "இந்தச் சாய்மானம் அங்க இருக்காது."

"தெரியும் மாதேசன். கொஞ்சம் நிற்போம்."

நின்றோம். அவர் ஒரு பீடி பற்ற வைத்து இழுத்து முடித்தார். பிறகு "போகலாமுங்களா?" என்றார். போகலாம் என்றேன்.

செக்போஸ்ட் தாண்டி ரோடு மட்டமானது. கியர் மாற்றினார். குண்டு அவசரப்படாமல், எதிலும் முட்டாமல், நடுவாக உருண்டு வந்தது. துடுப்புகளுக்கு இடையே. 'தொப்'.

சேலம் தாண்டிப் பெங்களூர்வரை வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு. பெங்களூர்

சம்பங்கியின் பட்டறை அவர் வீட்டுக் கார் ஷெட். நேரில் குள்ளம்; பேச்சில் நல்ல உயரம். கண்ணாடியைப் பார்த்தார்.

"குண்டு எடுக்கலயா சார் நீங்க? படிச்சு படிச்சு சொன்னேனே!"

"அது வழியில் தானாக உள்ளே குதித்தது. மலைப் பாதையில் அதிசயங்கள் நடக்கும்."

"ஆமா ஆமா. என் எக்ஸ்சேஞ்சில ஒரு தடவ ரிலே ஒண்ணு தானா கன்னடம் பேசிச்சு." கண்ணாடி மேல் தட்டினார். "இது மாத்திடலாம் விடுங்க. பலகைதான் வேல வாங்கும். மொதல்ல இந்த எண் உருளைங்கள ஜீரோ பண்ணிக் கழுவணும். பண்ணட்டுமா?"

இருங்கள் என்றேன். சரியாக அப்போது போன் வந்தது. சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"புளோரா, உன் ஆட்டம் முடிந்துவிட்டது. என்னால் காப்பாற்ற முடியவில்லை. மலை முழுக்க ஆடியது. அப்படி ஓர் ஆட்டத்தை உலகம்..."

"எந்த ஆட்டங்க?"

"உன் ஐந்தாவது குண்டு."

"எந்தக் குண்டு?"

சொன்னேன். டாக்ஸி, ஹாரன், கோட்டு, 'வந்து ஆடிக்கிறேன்'. சிக்னல் நன்றாகவே இருந்தது.

"அதுவா?" என்றாள். "எனக்கு அது ஞாபகமே இல்லைங்க. அதையா தொடாம வச்சிருந்தீங்க இத்தனை நாளா?"

"நீ சொன்னாயே."

"நான் சொன்னது எனக்கு ஞாபகம் இல்ல. நீங்க சொன்னது இருக்கு. டாக்ஸி ஜன்னல்ல தலைய விட்டு, 'கிறிஸ்மசுக்கு அங்க நிப்பேன், ஏர்ப்போர்ட்டுல பேண்டு வாத்தியம் ஏற்பாடு பண்ணு'ன்னீங்க."

நான் அப்படிச் சொல்லக்கூடியவன்தான்.

"அந்தக் கிறிஸ்மசுக்கு ஷீபாவக் கூட்டிட்டு ஏர்ப்போர்ட்டு பஸ் எங்க நிக்குதுன்னு போய்ப் பாத்துட்டு வந்தேன். சும்மா, வழி தெரியட்டுமேன்னு."

ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து போல்ட்டுகளை எண்ணத் தொடங்கினேன். நான். குணசீலன்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கிறேன்."

"பேசுங்களேன் ஏதாவது. அளந்து விடுங்க."

சம்பங்கி துணியால் கையைத் துடைத்தபடி காத்திருந்தார். பெனிட்டா எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீரோ பண்ணுங்கள் என்று அவரிடம் சொன்னேன். உருளைகள் ஒவ்வொன்றாகச் சுற்றும் சத்தம் எட்மன்டன்வரை கேட்டிருக்கும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

திரும்பிவிட்டேன். பில்லியர்ட்ஸ் அறைத் தரையில் நான்கு கால்கள் நின்ற இடம் மட்டும் சிவப்பாக, புதிதாக இருக்கிறது. அறையைக் கடக்கும்போது இல்லாத மேஜையைச் சுற்றிக்கொண்டு போகிறேன். இன்று டீத் தட்டோடு அப்படிச் சுற்றிப் போனதை இரண்டாம் நம்பர் அறை விருந்தாளி பார்த்துவிட்டார். இது இந்த மலையின் பழைய மரியாதை முறை என்றேன். அவரும் சுற்றிப் போனார்.

கூரைக்கு ஆள் சொல்லியாயிற்று.

செப்டம்பர் 19, வியாழன்

சேலம் போனேன். பாஸ்போர்ட் காலாவதியாகி வெகுகாலம் ஆகிறது. புதுப்பிக்கப் படம் வேண்டும். சிரிக்கக் கூடாது, காது இரண்டும் தெரிய வேண்டும், மீசையைக் கொஞ்சம் அடக்குங்கள் என்றான் படம் எடுத்தவன். மூன்றுக்கும் உடன்பட்டேன். சரித்திரத்தில் முதல் முறை.

செப்டம்பர் 22, ஞாயிறு

போன் வருமுன் நானே செய்தேன். அவள் எடுத்ததும், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். சமையல்காரனுக்கு உப்பு அறிமுகமாகிவிட்டது. லாட்ஜைப் பெனிட்டாவின் அம்மா பார்த்துக்கொள்வாள்."

"பொய்யா?"

"என் வாழ்நாளில் நான் பொய்யே..."

"ஏங்க. பொய்யா?"

"இல்லை புளோரா."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பேரன் தூங்கியிருக்க வேண்டும்.

இங்கிருந்து இரண்டு மலைக் கம்பளி, கழுத்துக்கு மஃப்ளர், மீசைக்குத் தனியாக ஓர் உறை, எல்லாம் தைக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னேன்.

"ஸ்வெட்டர் தூக்கிட்டு வராதீங்க" என்றாள். "இங்க இருக்கு. உங்க அளவு. வந்த முதல் குளிருக்கே வாங்கிட்டேன்."

"என்ன நிறம்?"

"வந்து பாருங்க" என்றாள்.